என் மகளின் வயிற்றுப் பட்டி

எனக்கு எழுபத்தி நாலு வயது. ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஏழையும் வளர்த்து ஆளாக்கியவள். ஒன்றுக்கும் கத்தி படவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாரியில் என் கடைசி மகள் றெஜினாவுக்கு வயிற்றைக் கீறித்தான் பிள்ளை எடுத்தார்கள். பாலையூற்றில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பிள்ளை நல்ல சுகம். தாய்தான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அழுவாள். இப்படியே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், உயிருக்கே ஆபத்து என்று, வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மிட்வைப் அம்மா சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவரே, இவளை எழுப்பிவிடும் என்று விடாமல் செபித்தேன்.

எங்கள் முறைப்படி பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அவள் வயிற்றை இறுக்கிக் கட்டினேன். மகள் மூச்சுவிட ஏலாமல் கையை ஆட்டினாள். மிட்வைப் அம்மா வந்து அவிழ்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் மகளைக் கட்டுறீங்களோ, மூட்டை கட்டுறீங்களோ?"

டொக்டரிடம் கேட்டு, பாமசியில் விற்கிற வயிற்றுப் பட்டியை வாங்கச் சொன்னார். மருமகன் டவுணுக்குப் போய் வாங்கி வந்தார்.

சுவாமியார் செபித்து மந்திரிக்காத பட்டி என் மகளின் உடம்பில் படக்கூடாது என்று நான் நின்றேன். எங்கள் கோயிலில், மந்திரிக்க வேண்டிய செபமாலை, தண்ணீர் எல்லாவற்றையும் பூசைக்கு முன், சுவாமியார் உடுப்பு மாற்றுகிற அறையில் அவரின் மேசையில் வைத்துவிட்டு வருவோம். பூசை முடிய எடுப்போம். நானும் பட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பிரசங்கத்துக்குச் சுவாமியார் நிமிர்ந்து வந்து நின்றார். "முதுகு நோவுக்குச் செபிக்கச் சொல்லி உங்களைக் கேட்டனான். இண்டைக்கு ஆரோ ஒரு நல்ல ஆத்துமா என்ரை மேசையில பட்டி வைச்சிருக்கு. போட்டனான். நிமிர்ந்து நிக்கிறன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டார். எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

பிறகுதான் அது என் மகளின் பட்டி என்று விளங்கியது. ஆண்டவரே, விலாசம் பிழையாகிவிட்டது என்று மனதுக்குள் சொன்னேன்.

பூசை முடிய உள்ளே போய், மென்று விழுங்கி விசயத்தைச் சொன்னேன். சுவாமியார் அங்கிக்குள் கையை விட்டார். சர்ரென்று பட்டியின் ஒட்டு பிரிந்த சத்தத்துக்கு, வாசலில் நின்ற பாடகர் குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நல்ல பட்டி அம்மா. மகளைப் பயப்பிடாமல் நடக்கச் சொல்லுங்கோ. நான் சாட்சி" என்றார்.

கழுவிக் காய வைத்தோம். மிட்வைப் அம்மா வந்து, மகளைப் படுக்க வைத்தபடியே, காயம் நோகாமல், மூச்சுக்கு இடம் விட்டுக் கட்டினார். படுக்கப்போகும்போது கழற்றச் சொன்னார். அவர் கட்டுகிற நேரம் நான் கோயிலில் நடந்ததைச் சொன்னேன். றெஜினா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். தையல் ஒன்றும் பிரியவில்லை. அது அவளுக்கே விளங்கிவிட்டது. மெல்லக் காலை நிலத்தில் வைத்தாள். குசினி வாசல் வரை நடந்தாள்.

"அம்மா, ஆரோ கை குடுத்துத் தாங்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நான் யாருக்கும் சேலை கிழிப்பதில்லை. டொக்டரைக் கேளுங்கள், பட்டி கட்டலாம் என்றால் கட்டுங்கள் என்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரும் எழும்ப ஏலாமல் கிடந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். கட்டாயம் கேட்பார். கடையில் வாங்கினதிலும் அவர் இருப்பார்.

பேத்தி டிலானி, நான் எழுதினதை இங்கே வந்து பார் பிள்ளை. எழுத்துப் பிழையைத் திருத்து, கதையில் கை வைக்காதே. முதலிலிருந்து ஒருக்கா வாசித்துக் காட்டு.