கூடுதல் மின்பளுவுக்கான விண்ணப்பம்

2008 ஜூன் 14: மின்சார ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது.
ஜூன் 16: வீட்டின் மின்பளுவைக் கணக்கிடத் தொடங்கினேன்.
அக்டோபர் 3: கூடுதல் பளுவுக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்கவில்லை.
அக்டோபர் 11: காலை ஆறு மணியளவில் என் மனைவி மாரடைப்பால் இறந்தாள்.

தோல் தொழிற்சாலைகளுக்கு மின்பளு கணக்கிட்டுத் தருவது என் தொழில். ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் தோல் பதனிடும் மர உருளைகள் பன்னிரண்டு இருந்தாலும் அவை ஒரே நேரத்தில் சுழல்வதில்லை. கூட்டுத்தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரின் சார்ஜர் அப்படியன்று. ஏழெட்டு மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும். அதற்குக் கழிவு கிடையாது. கால் பங்கு கூட்டியே கம்பியின் கனத்தைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கம்பிகள் பழைய அலுமினியம். தனிக் கம்பி இழுத்து, அனுமதியும் பெற்ற பிறகே வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஓய்வுபெற்ற செவிலி. கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில், சர்க்கரை நோயால் கால்புண் ஆறாத சிலருக்கு வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றி வந்தாள். முழங்கால் தேய்ந்து பேருந்துப் படி ஏற முடியாமல் போனதால்தான் வண்டி வாங்கினோம்.

"மிக்ஸியில பாதிகூட இழுக்காதுன்னு கடைக்காரரு சொன்னாருங்க."

"மிக்ஸி அஞ்சு நிமிஷம்தான் ஓடும்."

"உங்க அனுமதி வர்ற வரைக்கும் என் பேஷன்ட்டு காலு அழுகாம இருக்குமா?"

நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், அடுத்த வீட்டம்மா வந்தார், மேல்விஷாரத்துக்காரர். கையில் சார்ஜர் இருந்தது.

"இது எங்க வூட்ல இருந்துச்சு சார். நீங்க ஆம்பூர் பஸ் ஏறுனதும் சிஸ்டர் வண்டிய தள்ளிட்டு வந்துடுவாங்க. ஒரு நாள் சார்ஜு, மறுநாள் கணியம்பாடி. சாருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்னு நான் சொன்னேன். 'அவரு வண்டிய பாக்க மாட்டாரும்மா, வயரத்தான் பாப்பாரு'ன்னு சிரிச்சாங்க."

"எந்த பிளக்ல மாட்டுனீங்க?"

"ஃப்ரிட்ஜ் பிளக்ல சார். ஃப்ரிட்ஜ கழட்டிட்டுத்தான் மாட்டணும்னு சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. லோடு ஜாஸ்தியாயிடுமாம்."

ஒன்று ஓடும்போது மற்றொன்றை நிறுத்தி வைப்பது: தொழிற்சாலைகளுக்கு நான் எழுதிக்கொடுக்கும் முதல் யோசனை அது. நான்கு மாதங்களில் என் வீட்டுக்கு அதை எழுதத் தோன்றவில்லை. எந்தெந்த வீடுகளுக்குப் போனாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சார்ஜரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் செய்யாதவை:

விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவது.
அடுத்த வீட்டம்மாவுக்கு நன்றி சொல்வது.
வண்டி இருக்கையின் அடியிலுள்ள பஞ்சையும் கட்டுத்துணியையும் வெளியே எடுப்பது.
கணியம்பாடியில் அவளுக்காகக் காத்திருப்பவர்கள் யாரென்று விசாரித்து, அவள் வரமாட்டாள் என்று சொல்வது.