மண்டபப் பனியனும் கேக் பனியனும்

வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியில் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்குவார்கள். நான் மேலே ஏறுவேன். மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடம் ஒன்று உண்டு. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனைத் திறப்பேன். ஹவுஸ் இசைக்காரர்கள் புதிய டிராக்குகளைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியிடுகிறார்கள். எனக்கு அது பண்டிகை. தயிர்சாதம் காய்ந்துபோகிற பண்டிகை.

ஹவுஸ் இசை என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நிற்காமல் ஒரே சீராக விழும் கொட்டு, அதற்கு அடியில் மெதுவாக ஊர்ந்து வரும் பேஸ், எப்போதாவது ஒரு பெண்குரலின் துண்டு. பல்லவி, சரணம் கிடையாது. மண்ணரையில் எங்கள் வரிசைவீட்டில் ஒருமுறை இதைச் சத்தமாக வைத்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்த அம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏட்டி, பாட்டு எப்பம் ஆரம்பிக்கும்? இவ்வளவு நேரமா கொட்டுதான அடிக்கான்" என்றாள். டிராக் முடிந்துவிட்டது என்றேன். "முடிஞ்சிட்டா? இன்னும் ஆளே வரலயே" என்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவள் பேச்சு மாறவில்லை. என் ரசனையும் அவளுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு இயர்போன்தான்.

கம்பெனியிலும் ஆள் கிடைக்கவில்லை. தையல் லைனில் சினிமாப் பாட்டு, பேக்கிங்கில் பீகார்ப் பையன்களின் போஜ்புரிப் பாட்டு. கல்லூரித் தோழி ஒருத்திக்கு ஒரு டிராக்கை அனுப்பினேன். "மிக்சி ஓடுற மாதிரி இருக்குடி" என்று பதில் வந்தது. பிடித்த ஒன்றைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் இருப்பது பசி மாதிரி. பழகிப் போகும், ஆனால் போகாது.

அப்படித்தான் இணையத்தில் இந்த இசைக்கென்று இருந்த ஒரு குழுவில் சேர்ந்தேன். எல்லாம் ஆங்கிலம். ஒருநாள் ஏதோ வேகத்தில், "நம்ம ஊர்ப்பக்கம் இதைக் கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று தமிழில் போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சில நாள் கழித்து ஒரு பதில்: "இருக்கிறோமுங்க. வெள்ளகோவில்."

அவளுக்கு என் வயதுதான். வீட்டிலிருந்தே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். வீட்டை ஒட்டி அவள் அப்பாவின் தறிக்கூடம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே டிராக்கைக் கேட்பது என்று வழக்கமாயிற்று. என் வலது காதில் பாட்டு. அம்மா கொடுத்த பழைய போனிலிருந்து இடது காதில் அவள். "ஏனுங்க, ரெடிங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பாள்; இருவரும் அமுக்குவோம். அவள் பக்கம் ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். தறிகளின் தடதடப்பு வந்துகொண்டே இருக்கும். எந்த டிராக்கின் தாளத்தோடும் அது சேராது, முந்தும், பிந்தும். "அந்த ஜன்னலைச் சாத்தக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். "சாத்துனா வெந்து போவேனுங்க. ஓசியில எக்ஸ்ட்ரா டிரம்ஸ்னு நெனச்சுக்குங்க" என்றாள்.

நேரில் பார்த்ததில்லை. ஒரு பஸ் ஏறினால் வெள்ளகோவில். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

எங்கள் பேச்சில் இரண்டு ஐரோப்பிய டிஜேக்கள் அடிக்கடி வருவார்கள். நாங்கள் வைத்த பெயர் பெரியவர், சின்னவர். பெரியவர் ஐம்பதைத் தாண்டியவர், நிலவறைக் கிளப்புகளில் இசைத்தட்டு வைத்து வாசிப்பவர். சின்னவர் பெரிய திருவிழாக்களில் பல்லாயிரம் பேரை ஆட்டிவைக்கிறவர். எனக்குப் பிடித்தது சின்னவர். அவளுக்குப் பெரியவர். அவளுடைய அம்மா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பெரியவர் இடைவிடாமல் கோத்து வாசித்த ஒரே ஒரு செட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். "அம்மா ஊடு திரும்பலீங்க. அந்த செட்டு மட்டும் எங்கூடத் திரும்பி வந்துச்சுங்க" என்றாள். அதைச் சொன்ன மதியம் நாங்கள் எந்த டிராக்கும் கேட்கவில்லை. தறி மட்டும் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு அந்த ஆர்டர் வந்தது. நான் அங்கே மெர்ச்சண்டைசர்: வெளிநாட்டுப் பையர் கேட்பதையும் ஃபேக்டரி செய்வதையும் ஒன்றாக்குகிற வேலை. ஐரோப்பாவிலிருந்து ஒரு இறக்குமதிக்காரர், கறுப்பு டி-ஷர்ட், இரண்டு டிசைன். ஒன்றில் ஒரு ஹாலின் கோட்டோவியம், கீழே ஆங்கிலத்தில் 'கல்யாண மண்டபத்துக்கே திரும்பிப் போ.' இன்னொன்றில் மூன்றடுக்குக் கேக், கீழே 'ஆமாம், கல்யாணத்துக்கும் வாசிப்பேன்.' இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் பாதிப்பாதி போக வேண்டும் என்பது உத்தரவு.

பிரிண்டிங் மாஸ்டர் சாம்பிளைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னங்க அம்மிணி, மண்டபத்துக்காரங்க ஆர்டருங்களா?"

"தெரியலீங்கண்ணா. வெள்ளைக்காரங்க கல்யாணமா இருக்கும்."

"அப்படித்தானுங்க. பொண்ணு ஊட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை ஊட்டுக்கு ஒண்ணு. அதான் பாதிப்பாதி. நம்ம சம்பந்திக மாதிரியே அங்கயும் வம்பிழுப்பாங்களாட்ட இருக்குது."

கல்யாணத்துக்கு வரிசையாக எல்லோரும் ஒரே டி-ஷர்ட் போட்டுப் படம் எடுப்பது எங்கள் ஊரிலேயே வந்துவிட்டது. எனவே நாங்கள் இருவரும் அதையே நம்பினோம். ஃபேக்டரியில் ஸ்டைல் நம்பரை யார் சொல்கிறார்கள்? மண்டபப் பனியன், கேக் பனியன் என்றே பெயர் நின்றது. சாம்பிள் அப்ரூவல் வந்தது, துணி டையிங் போய் வந்தது, கட்டிங் ஆயிற்று, பிரிண்டிங் முடிந்தது, தையல் ஏறிற்று.

தையல் முடிகிற வாரத்தில் சண்டை வெடித்தது. சின்னவரின் புதிய டிராக்கில் வரும் பேஸ் தன் பழைய இசைத்தட்டிலிருந்து திருடியது என்று பெரியவர் எழுதினார். சின்னவர் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டார். குழு இரண்டாகப் பிளந்தது. முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்கு அது விளையாட்டு. "உங்க ஆளு திருடனுங்க." "உங்க ஆளுக்குக் காது மந்தமுங்க." அடுத்த வாரம் பெரியவர் ஒரு வீடியோ போட்டார். கண் கலங்கி, முப்பது வருஷ உழைப்பு என்றார். அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. குழுவில் அவருக்காக நீள நீளமாக எழுதினாள். முகம் தெரியாதவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். போனில் கூப்பிட்டேன். டிராக் கேட்க நேரமில்லை என்றாள்.

பிறகு பெரியவர், கல்யாணத்தில் பாட்டுப் போடத்தான் லாயக்கு என்கிற இளக்காரத்தோடு, சின்னவருக்கு ஒரு வரி எழுதினார்: கல்யாண மண்டபத்துக்கே திரும்பிப் போ.

அதை நான் பேக்கிங் செக்‌ஷனில் நின்று படித்தேன். எனக்கு எதிரே மேசையில் அதே வரி மடித்து, கவரில் போட்டு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒருவர் கோபத்தில் இன்று சொன்ன சொல் எங்கள் பிரிண்டிங் டேபிளில் போன மாதமே காய்ந்துவிட்டது. பக்கத்து அடுக்கில் சின்னவர் இன்னும் சொல்லாத பதில், கேக்கோடு. மறுநாள் காலை அவர் அதைச் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல். ஒரே ஆர்டர், ஒரே பெட்டி, பாதிப்பாதி. மாஸ்டர் சொன்னது சரிதான். இரண்டு வீடும் சம்பந்திகள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அவள் ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டால், நாடகத்துக்காக அவள் ஊரெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். சொன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை நான் எழுப்பி அனுப்பிவிடுவேன். படியில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"அந்தச் சண்டை பொய்யுங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுப் பண்றாங்க."

"யாரு சொன்னா?"

"பனியன் சொல்லுதுங்க." வேகவேகமாக எல்லாவற்றையும் கொட்டினேன். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, டையிங் போய், பிரிண்ட் அடித்துப் பெட்டி கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று பாடமே நடத்தினேன். தறிக்காரர் மகளுக்கு!

"போட்டோ அனுப்புங்க."

"முடியாதுங்க. ஷிப்மெண்ட் போய் அவங்க விக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால டிசைன் வெளிய போனா என் வேலை போயிரும்."

"நீங்க சின்னவர் பக்கமுங்க" என்றாள்.

"அதுக்காக உங்ககிட்டப் பொய் சொல்வேனுங்களா?"

"அப்ப அவரு அழுதது?"

டி-ஷர்ட்டுக்கு ஆகிற நாளை நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். கண்ணீருக்கு எனக்குத் தெரியாது. "வச்சுடறனுங்க" என்றாள். கோபத்திலும் மரியாதை குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவள் எடுக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பெரியவரும் சின்னவரும் சேர்ந்து செய்த புதிய டிராக் வெளியானது. தோளில் கைபோட்டுப் படம். பெரியவர் மேல் கேக் பனியன், சின்னவர் மேல் மண்டபப் பனியன். இரண்டும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. குழுவில் ஆளுக்கு ஆள் கைதட்டினார்கள்; நேற்றுவரை அவளைத் திட்டியவர்களும், அவளோடு சேர்ந்து திட்டு வாங்கியவர்களும். செமையாக ஏமாற்றிவிட்டார்கள் என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். அவள் பெயரைத் தேடினேன். குழுவை விட்டுப் போயிருந்தாள்.

சாயங்காலம் என் போனுக்கு ஒரு வரி வந்தது. "நீங்க சொன்னது சரிதானுங்க." ஏதேதோ எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. சரியாகச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அந்த டிராக் மோசமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. நடுவில் கொட்டு முழுவதும் நின்று, பேஸ் மட்டும் தனியாக நடந்துபோகும் ஓர் இடம். அங்கே அவள் என்ன சொல்வாள் என்று காது தானாக இடப்பக்கம் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து காதர்பேட்டையில் நூல் சாம்பிள் ஒன்று வாங்கப் போனேன். எக்ஸ்போர்ட்டில் கழிக்கப்பட்ட துணிகள் குவிந்து கிடக்கும் கடை வாசலில் கறுப்புக் குவியல் ஒன்று. மண்டபமும் கேக்கும் கலந்து. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவர் புதுசாக ஒன்றை மாட்டியிருந்தார். முதுகில் மூட்டை, நெஞ்சில் கல்யாண மண்டபத்துக்கே திரும்பிப் போ. "அண்ணா, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுங்களா?" என்றேன். "வேர்வையைக் குடிச்சாப் பத்தாதா தாயி, எழுத்து வேற படிக்கணுமா?" என்றார். அது என் அம்மா ஊர்ப்பக்கத்துப் பேச்சு.

குவியலைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'இப்ப அனுப்பலாமுங்க' என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. "துணி நல்லாருக்குதுங்களா?"

"நல்ல துணிங்க" என்றேன். வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். பஸ் ஏறி வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். அவளும் அதற்கு மேல் எழுதவில்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. அதே படி, அதே நிழல். பழைய போனையும் சார்ஜ் போட்டுக் கொண்டுவருகிறேன், பழக்கம். இப்போது இரண்டு காதிலும் பாட்டுதான் ஓடுகிறது. கொட்டும் பேஸும் ஒன்றோடொன்று கச்சிதமாக விழுகின்றன, முந்தாமல், பிந்தாமல். இந்த வாரம் வந்த டிராக்குகளில் நான்கைந்து கேட்டுவிட்டேன். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. எதிலும் தறிச் சத்தம் இல்லை.