நஸாரின் உதட்டு நிறம்

சராத்தவ் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியறையில் கிளாஃபிரா ஓவியம் பழகினாள். மூன்று குளிர்காலம் சுண்ணாம்பில் வார்த்த தலைச்சிலைகளைப் பார்த்து வரைந்தவளிடம், இனி உழைக்கிற மனிதர் ஒருவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வரும்படி ஓவிய வகுப்பில் சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டு நஸாரைக் கேட்டாள். மாவு மில்லில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ஞாயிறுதோறும் வந்து சன்னலோரம் உட்கார்ந்தார்.

முதல் படத்தைப் பார்த்து நஸார் சிரித்தார். "யாரும்மா இது, கோயில் சுவத்துல இருக்கிற புனிதரா? என் மூஞ்சியில கரி எங்க?"

அவள் அத்தனையையும் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். நிழல் என்றால் கறுப்பு அல்ல, அதற்குள் பச்சையும் நீலமும் உண்டு என்று மெல்லப் பிடிபட்டது. அடுப்பின் வெக்கையில் சிவந்த கன்னம், கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளம், சாம்பல் பூத்த உதடு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நிறம் சரியாக வருகிறதா என்பது மட்டுமே அவள் கவலை.

முடிந்ததும் நஸார் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

"எங்க அண்ணனும் இதே மில்லுதான். சாகறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்தான்."

கிளாஃபிரா பதறினாள். "சன்னல் வெளிச்சம் அப்படிக் காட்டுது மாமா. நான் மாத்திடறேன்."

"வேண்டாம். பாத்ததைத்தானே போட்டிருக்க."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் பிறகு எழவே இல்லை. கிளாஃபிரா கன்னத்தில் ரோஜா நிறம் பூசிய இன்னொரு படத்தைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனாள். நஸாரின் மனைவி உஸ்தீன்யா வாசலிலேயே நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் இருக்கீங்கன்னு தினமும் சொல்லி நடமாட வச்சிருந்தேன். நீ சொல்லிட்டியே."

வோல்கா ஆற்றில் பனி உடையும் முன்பே நஸாரைப் புதைத்தோம். சாம்பல் உதட்டோடு இருந்த அந்தப் படத்தை வகுப்பில் மாட்டினார்கள். உயிரோடு உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது என்று ஊரே பேசியது. கிளாஃபிரா அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு புகைப்படக் கடையில் சேர்ந்து, படங்களில் கன்னங்களுக்குச் சிவப்புத் தடவும் வேலை செய்தாள். எங்களோடு பேசும்போதும் யார் முகத்தையும் பார்க்காமல் அவள் பார்வை தரையிலேயே இருக்கும். உஸ்தீன்யா இருமினால் மட்டும் கிளாஃபிரா சட்டென்று எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.