கொடி எப்போது தூங்கும்?

நேற்று ஐரோப்பாவில் என் வீட்டுக்காரர் ஒரு தளிரைக் கிள்ளிவிட்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் முன்கதை. எங்களுக்கு உத்தமபாளையம். பன்னீர் திராட்சைப் பந்தல்தான் பிழைப்பு. போன வருஷம் இவர் பந்தலுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்து, ஓய்வுதான் முக்கியம் என்றார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பிறகு வீட்டுக்கு வந்த ஆட்டோவை அப்படியே தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னார்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷமீமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் இந்த வசந்தத்துக்கு எங்களை வரவழைத்து, ரயில் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். சால்ஸ்பர்க், இன்ஸ்புருக், போல்சானோ. ஆல்ப்ஸ் மலைக்குள்ளே மூன்று ஊர். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அத்தாவ ஒரு நாளாச்சும் பந்தல மறக்க வைம்மா" என்றாள்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் நானும் கிளம்பினேன். மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

ரயிலில் எனக்கு எல்லாமே வேடிக்கை. (ரயில் பார்க்கவே தேனிக்குப் போகிற ஊர்க்காரி நான்.) இங்கே நாய்கூட சீட்டுக்கடியில் சமர்த்தாகப் படுத்து வருகிறது. எதிர் சீட்டில் இருப்பவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே மாட்டேன் என்கிறார். நானே கேட்டேன். பாவம், டிக்கெட்டை எடுத்து என்னிடம் காட்டிவிட்டார்.

இன்ஸ்புருக்கில் எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் மலை நிற்கிறது. எங்கள் பக்கத்து ஊர் கம்பத்தில் நிற்பது போலவேதான். உச்சியில் மட்டும் வெள்ளை.

"ஏங்க, அந்தப் பனியப் பாருங்களேன்."

"இரு புள்ள, முருகேசன் லைன்ல இருக்கான்."

முருகேசன் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். சால்ஸ்பர்க் ஆற்றங்கரையிலும் அவரே லைனில் இருந்தார். ஆல்ப்ஸ் மலை அழகாக நிற்க, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்தடிக்க அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று போல்சானோ. ஊரை ஒட்டிய மலைச்சரிவில் நடைபாதை. திரும்பினால், தலைக்கு மேலே பந்தல். திராட்சைப் பந்தல்!

"ஏ புள்ள, இங்கன பாரு. நம்ம பந்தலு."

ஐரோப்பா வந்ததிலிருந்து இவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். (என் திட்டத்தில் மண் விழுந்ததும் அப்போதுதான்.)

எங்கள் ஊர்த் திராட்சைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பந்தலுக்குக் கீழே நடந்தால் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே மேலே போய், வேண்டாத தளிரைக் கிள்ளிப்போடும். யார் வீட்டுப் பந்தல் என்றும் பார்க்காது.

இவர் கையும் போனது. காய்ந்து கருகிய ஒரு குருத்துக்குப் பக்கத்தில் நோஞ்சானாக ஒரு தளிர். கிள்ளினார்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். கையில் வெட்டுக்கத்தரியோடு ஒரு பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும். தோட்டத்துக்காரர். திட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

கேட்டுவிட்டு மகள் சொன்னாள். "அத்தா, கொஞ்ச நாளைக்கு முன்னாடி உறைபனி விழுந்து மொதத் தளிரு பூராம் கருகிருச்சாம். அப்பறமா வந்த இந்தச் சின்னத் தளிர்லதான் இந்த வருசம் காயாம். அதப் போயி கிள்ளிட்டீகளேங்கிறாக."

இவர் முகம் செத்துப்போனது.

"பனியில கொடி கருகி நான் பாத்ததே இல்லம்மா. நோஞ்சான்னு நெனச்சுட்டேன். தப்புதான்னு சொல்லு."

கிள்ளிய தளிரை இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார். அவரோ தளிரை விட்டுவிட்டு இவருடைய கட்டைவிரலைப் பார்த்தார். நகம் தேய்ந்து வெடித்துக் கிடக்கும். தன் விரலைப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். அதுவும் அப்படியேதான் இருந்தது.

கோபம் போய்க் கேள்வி வந்தது. உங்கள் ஊரில் எப்போது காய் வெட்டுவீர்கள்?

"வருசம் பூராத்தான். ஒரு காய் முடிஞ்சா கொடிய வெட்டிவிட்டுக் கவாத்து, அப்பறம் அடுத்த காய்."

மகள் சொல்லச் சொல்ல அந்த அம்மா நம்பவில்லை. பனிக்காலத்திலுமா? "பனிக்காலமே கெடையாதுன்னு சொல்லு." இங்கெல்லாம் காய் வெட்டி முடித்தால் கொடி இலை உதிர்த்து, குளிர் முடியும்வரை அப்படியே தூங்குமாம்.

அவர் எதையோ கேட்டார்.

"என்னம்மா கேக்குறாக?" என்றார் இவர்.

"அப்ப ஒங்க கொடி எப்பத்தான் தூங்கும்னு கேக்குறாக அத்தா."

கிண்டலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன் தலையைத் தூக்கிப் பந்தலையே பார்த்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் ரயிலில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். போன் அடித்தது. முருகேசன்.

எடுத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு. நான் செத்த நேரம் கண்ண மூடுறேன்."

என் தோளில் சாய்ந்தேவிட்டார். பட்டப்பகலில்.

முருகேசன் கேட்டார், "அக்கா, தெக்குப் பந்தல்ல காய் முடிஞ்சிருச்சு. கவாத்துக்கு ஆள் சொல்லவா?"

கண்ணைத் திறக்காமலே இவர் சொன்னார், "இப்ப வேணாம். கொஞ்ச நாள் தூங்கட்டும்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன்.

முருகேசன் மெதுவாகக் கேட்டார், "பாய்ட்ட குடுங்கக்கா, நானே கேட்டுக்கிறேன்."

"பாய் தூங்குறாக முருகேசா."

"தூங்குறாகளா? அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. பாய்க்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"