பெரிய வீட்டு ஐஸ்பெட்டி

சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் பேய்க்கும் பூச்சாண்டிக்கும் பயந்தார்கள். நான் பயந்தது ஒரு கண்ணாடிக் குப்பிக்கு. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். வாயில் ரப்பர் மூடி, அதைச் சுற்றித் தகரப் பட்டை. அது கீழே விழுந்து உடைந்தால் உன் தம்பி செத்துப்போவான் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா என்று இப்போது கேட்கலாம். தினமும் அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்கிறவள் நான்தானே, வேறு யாரிடம் சொல்வார்கள்?

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். தம்பிக்கு ஐந்து வயது நடக்கும்போது வந்தது அந்த வியாதி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான்; குடித்த வேகத்தில் கொல்லைக்கு ஓடினான். அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. எலும்பும் தோலுமாகி ஒருநாள் நினைவில்லாமல் விழுந்தபோது, பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை வியாதி என்று சொல்லி அனுப்பினார்கள். தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "பாயசம் குடிக்கிறவனுக்கு வர்ற வியாதி, கஞ்சி குடிக்கிறவன் வூட்டுக்கு எப்புடிடி வழி தெரிஞ்சு வந்துச்சு?" என்று எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டாள். அவள் வாய் அப்படி. கேட்டுவிட்டு, அழுத அம்மாவோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். வாழைக்காயில் குத்திக் குத்திப் பழகினாள். மூன்று விஷயங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். தினமும் காலையில் ஊசி போட வேண்டும். ஊசி போட்டதும் பிள்ளை சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். மூன்றாவது, மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், ஐஸ்பெட்டி இருந்தால் நல்லது. வெயில் பட்டால் மருந்து செத்துப்போகும். அந்தச் 'செத்துப்போகும்' என்ற சொல் அம்மாவின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஊரில் ஐஸ்பெட்டி ஒன்றே ஒன்றுதான். அது பெரிய வீட்டில், மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இருந்தது. நாங்கள் அதைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். அம்மா இரண்டு நாள் அந்த வீட்டுக் கொல்லைப்படல் கதவோரம் நின்று கெஞ்சினாள். மிராசுதாரின் மனைவி மனம் இரங்கினார். மருந்துக் குப்பியைத் தனியாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்த மருந்தை மாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பது அந்தச் சைவ வீட்டுக்குத் தெரிந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நல்லவேளை, எங்களுக்கே தெரியாது.

அதிலிருந்து என் காலைகள் பயத்திலேயே விடிந்தன. பித்தளை டம்ளரில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பெரிய வீட்டுக் கொல்லைக்குப் போவேன். அந்த அம்மா குப்பியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நிற்பார். நான் எடுத்துக்கொண்டு வருவேன். அம்மா ஊசி போட்டதும் மறுபடி கொண்டுபோய் அதே படியில் வைப்பேன். ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. மழைக்காலத்தில் கரை வழுக்கும். அப்போதெல்லாம் டம்ளரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விழுந்தால் மல்லாக்கத்தான் விழ வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடப்பேன்.

அந்த வருஷம் தை மாதம் சம்பா அறுப்பு நின்றுபோனது. ஆட்சி மாறிய புதிது. கடைத்தெருவில் கறுப்பும் சிவப்புமாகக் கொடி பறந்தது. எங்கள் தெருவில் முழுச் சிவப்பு. அறுத்துப் போடுகிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூடக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெரு சொல்லிவிட்டது. சொன்ன வாய் என் அப்பாவுடையது. அவர்தான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. எதிர்வீட்டு அத்தையின் புருஷனை வயலில் மறித்து நின்றதற்காக அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பெரிய வீட்டு மண்ணை எங்கள் தெருக்கால் மிதிக்கக் கூடாது என்று கூட்டத்தில் கட்டுப்பாடு வைத்தார்கள். அம்மா எழுந்து, "எம்புள்ள மருந்து அங்க இருக்கு" என்றாள். அத்தைதான் வழி சொன்னாள். "இந்தக் குட்டி மட்டும் போயிட்டு வரட்டும். ஆனா அந்த வூட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது." அப்படியாக, முப்பது வீட்டுச் சனத்தில் எல்லையைத் தாண்ட உத்தரவு பெற்றவள் நான் ஒருத்திதான். பெருமையாகத்தான் இருந்தது. போலீஸ் லாரியைக் கடக்கும்வரைதான் அந்தப் பெருமை. அதற்கப்புறம் டம்ளரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நடப்பேன்.

வேலை இல்லையென்றால் எங்கள் வீடுகளில் உலை இல்லை. ஆனால் தம்பி சாப்பிட்டே ஆக வேண்டும். தெருவில் ஒவ்வொரு வீடும் முறை வைத்து அவனுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொடுத்தது. புருஷன் லாக்கப்பில் இருந்த அத்தையும் கொடுத்தாள். அவன் சோறு தின்னும்போது மற்ற பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

அறுப்பு நின்ற பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, கொல்லைப்படிக்கட்டில் அந்த அம்மாவுக்குப் பதிலாக மிராசுதாரே நின்றார். அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. குப்பியை அவர் கையாலேயே படியில் வைத்தார். சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"ஒங்கப்பன் நல்லாருக்கானா?"

தலையை ஆட்டினேன்.

"இப்பல்லாம் கரண்டு நெலையா இல்ல பாத்துக்க. பொட்டி ஓடுமோ ஓடாதோ, என்னால உறுதி சொல்ல முடியாது. ஒங்கப்பன்கிட்ட மறக்காம சொல்லு."

கரண்டு இல்லையென்றால் குளிர்ச்சி இல்லை. குளிர்ச்சி இல்லையென்றால் மருந்து செத்துப்போகும். வீட்டுக்கு வந்து ஒரு சொல் பிசகாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா என்னை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஊசி போட்டு முடிந்ததும் அவர் அம்மாவிடம், "இன்னிக்கு திருப்பிக் குடுத்து வுடாத. இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"இந்தக் கூரைக்குள்ளயா? செத்த மருந்தக் குத்தினா புள்ள என்னாவுறது?" என்றாள் அம்மா.

நான் குப்பியைக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை படல் உள்பக்கம் கட்டியிருந்தது. "அம்மா... மருந்து" என்று கூப்பிட்டேன். நாய்தான் பதில் சொன்னது. வெயில் ஏறும்வரை நின்றேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தோட்டத்து மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வெறும் டம்ளரோடு, ஓடக் கூடாது என்ற விதியை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, கரண்டு இருக்குப்பா! மோட்டார் ஓடுது! ரேடியோ பாடுது! மருந்து சாவல!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. கோபமா என்றால் கோபம் இல்லை. அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓடினாள். மதகடியிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

மத்தியானம் தம்பி வாந்தி எடுத்தான். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பொழுது சாயும்போது மூச்சு மாறியது. வயிறு ஏறி ஏறி இறங்க, ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். அவன் வாயில் ஒரு வாடை அடித்தது, அழுகிய பழத்தின் வாடை. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் அவன் போய்விடுவான் என்று தோன்றியதால் இமைக்காமல் பார்த்தேன். கண் எரிந்தது.

அப்பா எழுந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். போகும்போது துண்டு தோளில் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தபோது இடுப்பில் இருந்தது. டம்ளருக்குள் குப்பி இருந்தது.

தம்பி பிழைத்தான். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து, சோற்றில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டைகூடப் போட்டான்.

குப்பி வந்த மறுநாள் காலையே முதல் ஆளாக அரிவாளோடு வயலில் இறங்கியவர் என் அப்பா. பழைய கூலிக்கு. எங்கள் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் பின்னால் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் போராட்டம் முடிந்துபோயிற்று. வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பியது. அப்பா யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "எனக்குத் தெம்பில்ல, அவ்வளவுதான்" என்றார். எங்கள் வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். துரோகி என்ற சொல்லை அப்போதுதான் முதலில் கேட்டேன். அர்த்தம் கேட்டதற்கு அம்மா, "சோத்தத் தின்னு" என்றாள்.

நான் பிற்பாடு நர்ஸ் வேலைக்குப் படித்தேன். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைத்தால் திறந்த குப்பிகூட வாரக்கணக்கில் கெடாது என்று வகுப்பில் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பானை இருந்தது. ஆற்றில் மணலுக்குப் பஞ்சமா? இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா இருந்தவரைக்கும் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தத் தை அறுப்பு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். வாய்க்காலில் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் எங்களோடு பேசி நாளாகியிருந்தது. அவள் புருஷனும் இன்னும் வீடு திரும்பவில்லை. எனக்கு அவளைச் சமாதானம் பண்ண ஆசை. எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருப்பதைச் சொன்னால் கோபம் போய்விடும் என்று நினைத்தேன்.

"அத்தை, எங்கப்பா போயி பேசி பெரிய வூட்டுக் கரண்ட சரி பண்ணிட்டாரு. இப்ப தெனமும் மருந்து குடுக்குறாங்க."

"கரண்டா? என்ன கரண்டு?"

மிராசுதார் சொன்னது, படல் கட்டியிருந்தது, ரேடியோ பாடியது, தம்பி மூச்சு வாங்கியது, எல்லாவற்றையும் பெருமையோடு சொன்னேன். அத்தையின் கையிலிருந்த துணி தண்ணீரோடு போனது. அவள் அதைப் பிடிக்கவில்லை. ஈரச் சேலையோடு நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, அப்பா முன்னால் நின்றாள்.

"ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அப்பா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார். "யாருகிட்டயும் சொல்லிடாத தாயி. என்னையத் துரோகின்னு சொல்லட்டும். நாளைக்கு இந்தப் புள்ள தெருவுல நடந்து போறப்ப, இவனாலதான் கெட்டோம்னு ஒருத்தன் பாத்துடக் கூடாது."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அப்பா என்னை அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அடித்துவிட்டு, "இனிமே வெளியில கரண்டப் பத்திப் பேசுவியா?" என்று கேட்டார். அவர்தான் அழுதார்; எனக்கு அழுகைகூட வரவில்லை. கரண்டைப் பற்றிச் சொன்னால் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் வெகுநாள், அரிசி மில்லுக்கு நெல் தூக்கி வருகிற யாராவது வழியில் என்னை நிறுத்தி, "பாப்பா, மில்லுல கரண்டு இருக்கா?" என்று கேட்டால், வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்பேன்.