நாலாவது மாடி வராந்தாவை அடைத்த நாள்

பெரியதம்பி மேஸ்திரி பொய் சொல்கிறார். அன்றைக்கு நான் குடித்திருந்தேன் என்று வத்தலக்குண்டு முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் குடிப்பதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் மனைவி சவரியம்மாளைப் புதைத்த அன்றும், செத்தால் அவ்வளவுதான் என்று சொன்னவன். நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை, கேளுங்கள்.

கொடைக்கானலில் அந்த மாடிக் கட்டடத்தைத் தெரியாதவர் இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே மாடிதான், உள்ளே நுழைந்தால் கீழே இறங்கிக்கொண்டே போகவேண்டும். பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் ஆறு மாடி, மாடிக்கு மாடி நீளமான திறந்த வராந்தா. வெயில் காலத்தில் தங்குவதற்கு வெள்ளைக்காரர்கள் கட்டியது. அவர்கள் போனபின் காசநோய் ஆஸ்பத்திரி ஆனது.

சவரியம்மாள் மேலிருந்து நாலாவது மாடியில் கிடந்தாள். உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிர்ச்சரிவில் உருளைக்கிழங்குக் காட்டு வரப்பில் போய் நிற்போம். பள்ளம் குறுகல், முகம் தெரியும். நோயாளிகள் வராந்தாவுக்கு வந்து துண்டை இரண்டு தரம் உயர்த்துவார்கள், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நாமும் இரண்டு தரம் உயர்த்தினால்தான் உள்ளே போவார்கள். மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் அது விலகும்வரை இரண்டு பக்கமும் காத்துக் கிடப்போம். மூன்று வருஷம் என் பெண்டாட்டியோடு நான் பேசியது அவ்வளவுதான்.

அறுபதுகளில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். ஒரு முதலாளி வாங்கி லாட்ஜ் ஆக்கினார். அறைக்கு அறை குளியலறை வேண்டுமாம், வராந்தாக்களைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். எனக்குக் காட்டில் வேலை இல்லாமல் இல்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு தரம் நிற்கவேண்டும், அதற்குத்தான் போனேன்.

நாலாவது மாடியில் சுவர் நெஞ்சு உயரம் வந்திருந்தது. மத்தியானம். மஞ்சு விலகியது. எதிர் வரப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நின்ற அதே இடத்தில், சவரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த ஊதாச் சேலை. துண்டை இரண்டு தரம் உயர்த்தினாள். என் கையில் சாந்துச் சட்டி, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"ஏலே சூசை, யாருலே அது? யாருக்கோ காத்துக் கெடக்கிற மாதிரில்ல தெரியுது" என்றார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்தார். இரண்டு தரம் உயர்த்தினார். அவள் கையை இறக்கினாள், திரும்பினாள், சரிவில் ஏறிப் போய்விட்டாள்.

அவர் அடுத்த செங்கல்லை எடுத்து வைத்தார். சாந்து கேட்டார். சாயங்காலத்துக்குள் சுவர் மேலே முட்டிவிட்டது.

இறங்கி வரும்போது கேட்டேன்: "நீங்களும் பாத்தீங்கல்ல மேஸ்திரி?"

"நான் செவுத்தத்தான்லே பாத்தேன். அங்கிட்டு ஒரு காக்கா கூட இல்ல. பொண்டாட்டி நெனப்புல நாளைக்குச் செவுத்தக் கோணலா வச்சிராத."

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வரப்பில் போய் நின்றுவிட்டேன். எதிரே குளியலறைச் சன்னல்கள்தான் இருக்கின்றன. அவள் வரவில்லை. ஏன் வரவேண்டும்? அவளுக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே. நான் கொடுக்கவேண்டிய பதில் அது.

மேஸ்திரி, அந்த வேலைக்கு முன்னால் நீங்கள் இந்த மலை ஏறியதே இல்லை. துண்டு விஷயத்தை நான் உங்களிடம் சொன்னதும் இல்லை. என்னைக் குடிகாரன் என்று யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் கூட்டி வைத்துச் சொல்லுங்கள்: இரண்டு தரம் உயர்த்தவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?