தகரத்தில் ஒரு எல்.எம்.ஜி.

நான் கேட் செய்கிறவன். கிரில், ஷட்டர், மாடிப்படிக்குக் கைப்பிடி, கார்த்திகை தீபக் கூட்டத்துக்குத் தடுப்புக் கம்பி எல்லாம் என் பட்டறையில் ஆகும். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் இயந்திரத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். “அதுக்காவது சுட்டுச் சுட்டுச் சூடானா நிறுத்திக் குழாய் மாத்தணும், இவருக்கு அதுவும் வேணாம்” என்பாள் என் மனைவி.

இந்தப் பைத்தியம் ஒரு லாந்தர் விளக்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த ஒரு இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியது, தகரத்தை அழுத்தி லாந்தர் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி என்று போனில் படித்தேன். வடிவமைத்தவருக்குத் துப்பாக்கிப் பழக்கமே கிடையாதாம். சிப்பாய்களோடு பயிற்சியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாராம். மற்றவர்கள் இரும்புக் கட்டியைக் கடைந்து கடைந்து செய்ததை இவர்கள் தகட்டை அச்சில் அழுத்தி, பொட்டு வைத்தாற்போல் வெல்டு வைத்து முடித்துவிட்டார்கள். அதாவது, நம்ம வேலை. அது யார் கையில் இருந்தது, யாரைச் சுட்டது என்பதை நான் மறக்கவில்லை. நான் மயங்கியது தகட்டிடம் மட்டும். அன்றிலிருந்து தகரம் வெட்டும்போதெல்லாம் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தியே வெட்டுகிறேன்.

அப்படி நிமிர்ந்திருந்த ஒரு நாள் அடி அண்ணாமலையிலிருந்து ஹவில்தார் அண்ணன் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

“பாய், எல்.எம்.ஜி. ஒண்ணு வேணும்.”

“எத்தனை அடிண்ணே?”

“கேட்டு இல்ல பாய். துப்பாக்கி. டம்மி. குடியரசு தின பரேடுக்கு.”

எல்.எம்.ஜி. என்பது ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இயந்திரத் துப்பாக்கி. அதைச் சுடுகிறவர் நம்பர் ஒன். பக்கத்தில் படுத்து, தோட்டா அடுக்கிய மேகசினும் சூடான குழாயும் மாற்றித் தருகிறவர் நம்பர் டூ. அண்ணன் நம்பர் ஒன்னாக இருந்தவர். அவருடைய நம்பர் டூ இப்போது போளூர் பக்கம் கரும்பு போடுகிறார். வேங்கிக்காலில் நடக்கும் அணிவகுப்பில், முன்னாள் ராணுவத்தினரின் டிராக்டர் டிரெய்லரில் இருவரும் பழையபடி படுத்து வர வேண்டும்.

“போன வருஷம் தெர்மாகோல்ல செஞ்சாங்க. மேடைகிட்ட வரும்போது காத்துல பறந்துடுச்சு. நான் எறங்கித் தொரத்தினேன். அன்னிக்குச் சிரிச்ச நம்பர் டூ இன்னும் நிறுத்தல. போன் போட்டா, ‘இன்னிக்கு காத்து ஜாஸ்தியா, கம்மியா?’ன்னு கேக்கறான். இந்த வருஷமும் சிரிச்சான்னா நான் வண்டியில ஏற மாட்டேன் பாய்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

நான் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்தேன், அதைத் தோளில் சுமந்தவருக்கே. உங்கள் எல்.எம்.ஜி.யின் பூர்வீகம் செக் நாடு. வெள்ளைக்காரன் அதை வாங்கித் தன் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, செக் ஊரின் பெயரில் பாதியையும் இங்கிலாந்து ஊரின் பெயரில் பாதியையும் சேர்த்து ‘பிரென்’ என்று வைத்தான். இரண்டு சம்பந்தி வீட்டாரும் கோபித்துக்கொள்ளாத பெயர். அவன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, அடுக்கினால் வரிசை வளையும். அதனால் மேகசின் வாழைப்பழம் மாதிரி இருந்தது. பிற்பாடு நம் ஆட்கள் விளிம்பில்லாத தோட்டாவுக்கு மாற்றினார்கள். மேகசினும் ஏறக்குறைய நேரானது. எம்.எம்.ஜி. என்கிற, அதைவிடக் கனமான அண்ணன் துப்பாக்கி பெல்ஜியத்துக்காரன். பூட்டும் முறை ஒரு அமெரிக்கத் துப்பாக்கியிடமிருந்து, அதையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டு. தோட்டாப் பட்டையை இழுக்கும் முறை என் லாந்தர்காரர்களிடமிருந்து. ஆக, நம் பட்டாளத்தில் ஒரு தகரக்காரன் கையும் இருக்கிறது.

“உங்களுக்கு எது ஒசத்திண்ணே? எல்.எம்.ஜி.யா, எம்.எம்.ஜி.யா?”

“தூக்காதது ஒசத்தி” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு படத்தைக் கொடுத்துப் போனார்.

படத்தைப் பார்த்துச் செய்தேன். நீர்க்குழாய் துப்பாக்கிக் குழாயானது, தகடு உடம்பானது, கைப்பிடிகள் தேக்குத் துண்டில் வந்தன. ஒரே ஒரு இடத்தில் எனக்குப் படம் பிடிக்கவில்லை. குறி பார்க்கும் சைட்டு, முன்னாலும் பின்னாலும், நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. கேட் செய்கிறவனுக்கு நடுக்கோடுதான் எல்லாம். கோடு அரை விரல் நகர்ந்தால் வீட்டுக்காரர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். செக் நாட்டில் வாஸ்து பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு சைட்டையும் நட்டநடுவில் வெல்டு வைத்தேன். ஐரோப்பாவின் தவறைத் திருவண்ணாமலையில் திருத்திய மகிழ்ச்சியில் கறுப்புப் பெயின்ட்டும் அடித்தேன்.

அணிவகுப்புக்கு முந்தின நாள் மதியம், ஸ்டேட்டஸில் போடப் படம் வேண்டும் என்று மனைவியைக் கூப்பிட்டேன். பட்டறைத் தரையில் தொப்பையைப் பரப்பிப் படுத்து, கட்டையில் கன்னம் வைத்து, ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தேன்.

“சிரிங்க” என்றாள். பிறகு, “ஏன் முழிக்கிறீங்க?”

“ஒண்ணும் தெரியல.”

“கண்ணாடி போட்டிருக்கீங்களே.”

“மேகசின் மறைக்குது.”

இந்தத் துப்பாக்கிக்கு மேகசின் தலைக்கு மேல் நிற்கும். நடுவில் சைட்டு வைத்தால் எதிரியைப் பார்க்க முடியாது, மேகசினைத்தான் பார்க்கலாம். அவள் போனை இறக்கிவிட்டு, “அதுக்குத்தான் அத செஞ்ச ஆளு பக்கத்துல வெச்சிருக்கான்” என்று சொல்லி, சோறு வடிக்கப் போய்விட்டாள்.

எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தேன். வெட்கம் பாதி, வியப்பு பாதி. மேகசின் கீழே தொங்கினால் சுடுகிறவன் உடம்பைத் தூக்க வேண்டும். மேலே இருப்பதால் மண்ணோடு மண்ணாகப் படுக்கலாம். அவன் கன்னத்தை எடுக்காமலேயே பக்கத்தில் இருப்பவன் கையை நீட்டிக் கழற்றி மாட்டலாம். யாரோ ஒருவர் இரண்டு மனிதர்களையும் தரையில் படுக்கவைத்துப் பார்த்து, நான்கு கைகளுக்கும் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் இரும்பைத் தொட்டிருக்கிறார். நான் இரும்பை மட்டும் பார்த்திருக்கிறேன். அதோடு, நம்பர் டூவின் கை முதலில் போகிற மேகசினை அசையாமல் வெல்டு வைத்துத் தொலைத்திருந்தேன்.

கிரைண்டரை எடுத்தேன். சைட்டுகள் இடப்பக்கம் போயின. மேகசினை அறுத்து, கழற்றி மாட்டுகிறபடி ஒரு கொண்டி வைத்தேன். சாயங்காலத்துக்குள் மறுபடி பெயின்ட்.

காலையில் பழைய போர்வையில் சுற்றி டி.வி.எஸ்.ஸில் குறுக்கே வைத்து வேங்கிக்காலுக்குக் கொண்டுபோனேன். டிரெய்லர் அருகே சலவை மடிப்புக் கலையாமல் ஹவில்தார் அண்ணன் நின்றார். பக்கத்தில் நம்பர் டூ. ஒல்லி, பெரிய மீசை, அதற்குக் கீழே சிரிப்பு தயாராக இருந்தது.

போர்வையை விலக்கினேன். நம்பர் டூ குனிந்தார். விரலால் முன் சைட்டைத் தொட்டார், பின் சைட்டைத் தொட்டார். கை தானாக மேலே போய் மேகசினைப் பிடித்துத் தள்ளி எடுத்தது, திருப்பி மாட்டியது. ‘டிக்’. அண்ணன் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பர் டூ சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாய் எந்த ரெஜிமென்ட்டு?”

“அவரு கேட்டு ரெஜிமென்ட்டுடா. ஏறு வண்டியில” என்றார் அண்ணன், தானே முதலில் ஏறி.

மேடையைக் கடக்கும்போது இருவரும் ஒட்டிப் படுத்திருந்தார்கள். அண்ணன் கன்னத்தை எடுக்காமல் ஏதோ கத்த, நம்பர் டூவின் கை பாய்ந்து மேகசினைக் கழற்றி மாட்டியது. கூட்டத்தில் நின்ற எனக்கு அந்த ‘டிக்’ கேட்டது போலவே இருந்தது. மேகசினைப் பிடித்திருப்பது ஒரு பாத்ரூம் கதவுக் கொண்டி என்பதை நம்பர் டூவிடம் இன்னும் சொல்லவில்லை.